மிஸ்டு கால் மாத்திரை விழுங்குமா?

ஐஸ் பெட்டி மேல் பேசும் பெட்டி

கோவளத்தில் மீன் வாங்கப் போனால் நான் வழக்கமாக நிற்கும் கடை ஒன்று உண்டு. கடை என்றால் ஒரு பலகை, ஒரு ஐஸ் பெட்டி, ஒரு அருவாமனை, வெயிலுக்கு ஒரு பெரிய குடை. சமீபத்தில் ஐந்தாவதாக ஒரு சாமான் சேர்ந்திருக்கிறது. ஐஸ் பெட்டியின் மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்பீக்கர். க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பணம் அனுப்பினால், சந்தைச் சத்தத்தையும் மீறி, "முந்நூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று செய்தி வாசிப்பவர் தோரணையில் அது சொல்லும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கராவுக்குச் செதில் சீவிக்கொண்டே கடைக்கார அக்கா கேட்டார்.

"ஏன் சார், இந்தப் பொட்டி வந்ததுலேர்ந்து யாவாரம் நல்லா ஆவுதுன்னு கம்பெனிப் பையன் சொல்லிட்டுப் போறான். தெனம் கத்துது, இல்லேன்னு சொல்லல. ஆனா கையில துட்டு நிக்க மாட்டேங்குது. இதால எனக்கு லாபமா நஷ்டமா? படிச்சவங்க, நீங்க சொல்லுங்க."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதைவிடச் சங்கடம், அதே கேள்வி என் மணிக்கட்டிலும் கட்டியிருந்தது. அடிகளை எண்ணும் கடிகாரம் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. சர்க்கரை அளவு குறைந்திருந்தது. கடிகாரத்தால்தான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் சோற்றை நிறுத்தியதால்தான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பரிசோதனைச் சீட்டு யார் பக்கமும் பேசவில்லை.

மீன் விற்பவரின் ஸ்பீக்கரும் என் கடிகாரமும் ஒரே ஜாதிக் கருவிகள். ஒன்று காசைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறது, மற்றது உடம்பை. இரண்டும் ஓயாமல் எண்ணுகின்றன. அவை எண்ணுவதைத்தான் நாம் அறிய விரும்புகிறோமா என்பதை ஆராய்வதே இந்த அத்தியாயம்.

கடலுக்குப் போன தடவையும் கரைக்கு வந்த மீனும்

யுபிஐ பணப்பரிமாற்றம் 2016-இல் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. பிரமிக்க வேண்டிய எண்தான். ஆனால் அது பயன்பாட்டின் எண், பயனின் எண் அல்ல. ஒரு போட்டு இந்த மாதம் இருபது தடவை கடலுக்குப் போனது என்றால் டீசல் எரிந்தது நிச்சயம். மீன் வந்ததா என்று தெரிய வலையைப் பார்க்க வேண்டும்.

உடல்நலத்திலும் இப்படியே. தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர் சொச்சம். சர்க்கரைக்கு அந்தக் கணக்கு நூற்றுக்கு 11-ஐ ஒட்டி. மறு ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. இன்று செங்கல்பட்டு மாவட்டத்துத் தெருக்களில் அழுத்தமானியும் போனுமாக ஒரு பெண் வீடு வீடாக ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். மாத்திரை கொடுக்கிறார், அளவைப் போனில் ஏற்றுகிறார். எத்தனை கதவு தட்டினார், எத்தனை அட்டை மாத்திரை கொடுத்தார் என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். கேட்க வேண்டிய எண் வேறு: நூற்றுக்கு 7 என்பது எத்தனை ஆயிற்று?

பின்னர் நடந்த இரண்டாம் சுற்றுக் கணக்கெடுப்பில் இரண்டு எண்களுமே கூடியிருந்தன. நல்ல செய்தி. ஆனால் நடுவில் கொரோனா வந்து போனது. கொதிப்பு, சர்க்கரை என்ற பேச்சே வீட்டுக்கு வீடு பெருகியது. கூடியதில் எந்தப் பங்கு திட்டத்தால் வந்தது?

இங்கேதான் ஒரு புதுச் சொல் தேவைப்படுகிறது.

நிகழாநிலை

ஒரு கருவி வந்தபின் நடந்ததை நாம் கண்ணால் பார்க்கிறோம். அதே ஆட்களுக்கு, அதே நாட்களில், அந்தக் கருவி மட்டும் வராமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அதை யாரும் பார்க்க முடியாது. பார்க்க முடியாத அந்த மறுபக்கத்தை 'நிகழாநிலை' என்று அழைப்போம். நிகழ்ந்ததிலிருந்து நிகழாநிலையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் தாக்கம். கழித்தல் சுலபம். கழிக்க வேண்டிய எண் கையில் இல்லை என்பதுதான் தொல்லை.

கோவளத்தில் கோவில் உண்டு, மாதா கோவில் உண்டு, தர்காவும் உண்டு. மூன்று நாள் வலை வெறுமையாக வந்தால் மீனவர் எந்த வாசலுக்காவது போவார். மறுநாள் பெரும்பாலும் மீன் கிடைக்கும். வேண்டுதல் பலித்ததா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. கணக்கு என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்லலாம்: படுமோசமான நாட்களுக்குப் பின் வருவது பெரும்பாலும் சுமாரான நாள். அளவுகள் தாமாகவே நடுவுக்கு வரும். புள்ளியியலில் இதை 'சராசரிக்குத் திரும்புதல்' என்பார்கள்.

நாம் கடிகாரம் வாங்குவது எப்போது? சர்க்கரை எகிறி, டாக்டர் முறைத்த மறுநாள். செலவுக் கணக்குச் செயலியைப் போனில் இறக்குவது எப்போது? தீபாவளி முடிந்து கணக்கில் ஒன்றும் மிஞ்சாதபோது. ஆகமோசமான புள்ளியிலிருந்து ஆரம்பிக்கிறோம். அங்கிருந்து ஏறுவதைத் தவிர வேறு வழி ஏது? கருவி புகழைத் தட்டிக்கொண்டு போகிறது.

இன்னொரு ஏமாற்று: முன்வருகிறவர்கள் வேறு மாதிரி ஆட்கள். நடைக் கடிகாரம் கட்டிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரையில் காலை ஐந்தரைக்கு நடக்கிறவரையும், அதே நேரத்தில் போர்வைக்குள் இருக்கிறவரையும் ஒப்பிட்டால் தெரிவது கடிகாரத்தின் பெருமை அல்ல, ஆளின் குணம்.

உலகம் அறிந்த செங்கல்பட்டு

நிகழாநிலையை நேரில் பார்க்க முடியாது, ஆனால் அதற்கு ஒரு நகல் எடுக்கலாம். ஒரு பெரிய கூட்டத்தைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிப்பது. ஒரு பாதிக்கு மருந்து, மறுபாதிக்கு இல்லை. குலுக்கல் என்பதால் குணம், வயது, வசதி எல்லாம் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழும். மருந்தில்லாத பாதிதான் நமக்கு நிகழாநிலை. இதைக் 'குலுக்கல் பிரிப்பு' என்போம்.

இந்த வித்தை பெரிய அளவில் நடந்த இடங்களில் ஒன்று நம் ஊர். மருத்துவ ஆய்வாளர்கள் உலகெங்கும் 'சிங்கிள்புட்' என்று இன்றும் எழுதுவது செங்கல்பட்டைத்தான். அப்போதைய செங்கல்பட்டு மாவட்டம் சென்னையை மூன்று பக்கமும் சூழ்ந்திருந்தது. ஆய்வு நடந்த ஊர்கள் இன்றைய திருவள்ளூர்ப் பக்கம். 1968-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து, காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியை அங்கே சோதிக்கத் தொடங்கின. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கை நீட்டினார்கள். சிலருக்கு விழுந்தது தடுப்பூசி, சிலருக்கு வெற்று ஊசி. போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

எல்லாரும் எதிர்பார்த்தது ஒரு சம்பிரதாய வெற்றி. ஏழரை ஆண்டு கவனித்தபின் வந்த முதல் முடிவு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை என்றது. பதினைந்தாண்டு முடிந்தபோதும் அதே பதில். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வகைகளிலிருந்து காப்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் பிசிஜி போடுகிறோம். ஆனால் பெரியவர்களைக் காக்கும் என்ற நம்பிக்கை இந்த மண்ணில் உடைந்தது.

வெற்று ஊசி போட்ட பிரிவு இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். தடுப்பூசி போட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காசநோய் வரவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் வைத்து ஊசிக்கு மாலை போட்டிருப்பார்கள். வரவே வராதவர்களையும் காப்பாற்றியவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வது விளம்பரத்தின் மிகப் பழைய தந்திரம்.

537 ஆண்களும் ஒரு குறுஞ்செய்தியும்

அதே முறையைப் போனுக்குக் கொண்டுவந்த ஆய்வு ஒன்று சென்னையிலிருந்து வந்தது. நீரிழிவு மருத்துவர் அ. ராமச்சந்திரனும் அவரது குழுவும் 35 முதல் 55 வயது வரையுள்ள, வேலைக்குப் போகும் 537 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்றவர்கள். எல்லாருக்கும் உணவு, உடற்பயிற்சி பற்றி ஒரு முறை நேரில் அறிவுரை. அதன்பின் குலுக்கல். 271 பேருக்கு மட்டும் வாரத்துக்குச் சில குறுஞ்செய்திகள் போய்க்கொண்டே இருந்தன. ஸ்மார்ட்போன் வேண்டாம், செயலி வேண்டாம், பட்டன் போன் போதும். மற்ற 266 பேருக்கு அதுவும் இல்லை.

இரண்டாண்டு முடிவில் செய்தி பெற்றவர்களில் 50 பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. பெறாதவர்களில் 73 பேருக்கு. நூற்றுக்கு 18, நூற்றுக்கு 27. 2013-இல் வெளியான முடிவு இது.

இந்த இரண்டு எண்களைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்க்கலாம். செய்தி அனுப்பும் நிறுவனம் ஒன்று இதை விளம்பரம் செய்தால் என்ன சொல்லும்? "எங்கள் செய்தியைப் படித்த 100 பேரில் 82 பேருக்குச் சர்க்கரை வரவில்லை!" பொய் இல்லை. ஆனால் செய்தியே படிக்காத 100 பேரில் 73 பேருக்கும் வரவில்லை. செய்தி சம்பாதித்துக் கொடுத்தது 82 அல்ல, 9. பதினோரு பேருக்கு இரண்டாண்டு செய்தி அனுப்பினால் அவர்களில் ஒருவர் தப்புகிறார். குறுஞ்செய்தி விலைக்கு இது மிக மலிவு, கொண்டாட வேண்டிய வெற்றி. 82 என்று சொல்லிக் கொண்டாட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். அதே வட்டத்து ஆய்வாளர்கள் இந்தியாவிலும் பிரிட்டனிலுமாக 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம், பெண்களையும் சேர்த்து, மறுபடி சோதித்தார்கள். 2020-இல் வந்த முடிவு: இரண்டு குழுவுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. ஆட்கள் வேறு, வாசற்படியில் நிற்கிறவர் யார் என்று கண்டுபிடிக்கச் செய்த ரத்தப் பரிசோதனை வேறு. இடைப்பட்ட ஆண்டுகளில் போனில் வந்து குவியும் செய்திகளும் வேறு. 2010-இல் ஒரு குறுஞ்செய்தி வந்தால் எடுத்துப் பார்ப்போம். இப்போது பார்க்காமலே தள்ளிவிடுகிறோம். இந்தக் கடைசிக் காரணம் என் ஊகம். ஊகம் இல்லாதது ஒன்று: ஒரு கருவி ஒரு முறை, ஓர் இடத்தில், ஒரு வகை ஆட்களிடம் வேலை செய்தது என்பது நிரந்தரப் பட்டயம் அல்ல.

அட்டைக்குள் ஒளிந்த எண்

இதுவரை ஒன்றைக் கேள்வி கேட்காமலே வந்திருக்கிறோம். சர்க்கரை நோய் வந்ததா என்பதை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அளவுகோல் நம்பகமானது. கருவியே அளவுகோலாகவும் மாறினால்?

காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து விழுங்க வேண்டும். இரண்டாம் மாதம் இருமல் நின்றுவிடும், மாத்திரை சலித்துவிடும். நடுவில் விட்டால் நோய் திரும்பலாம், மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறலாம். அதனால் சுகாதாரப் பணியாளர் கண்முன்னே விழுங்க வைக்கும் முறை வந்தது. கல்பாக்கம் பக்கம் ஒரு கட்டடத் தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை விழுங்க நிலையத்துக்குப் போனால் பஸ் காசு போகும், அரை நாள் கூலியும் போகும்.

இதற்கு '99டாட்ஸ்' என்று ஒரு சாமர்த்தியமான தீர்வு வந்தது. மாத்திரை அட்டையைச் சுற்றி ஓர் உறை. மாத்திரையை அழுத்தி வெளியே தள்ளினால் அடியில் ஒளிந்திருக்கும் போன் எண் தெரியும். எந்த மாத்திரைக்கு அடியில் எந்த எண் என்று நோயாளிக்கு முன்கூட்டித் தெரியாது, கணினிக்குத் தெரியும். அந்த எண்ணுக்கு ஒரு காசில்லாத அழைப்பு விட்டால் போதும். இன்று விழுங்கினார் என்று பணியாளரின் திரையில் பச்சை விழும். பஸ் காசு மிச்சம், கூலி மிச்சம். யோசித்தவர் மூளைக்கு ஒரு கும்பிடு.

ஆனால் அழைப்பு மாத்திரை ஆகுமா? சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பீனா தாமஸ், அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து ராம்நாத் சுப்பராமன் ஆகியோர் அடங்கிய குழு இதைச் சோதித்தது. சென்னை, வேலூர், மும்பையில் ஏறத்தாழ 600 நோயாளிகள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் மாதிரி கேட்டார்கள். ஐசோநியாசிட் என்ற காசநோய் மருந்து கடைசி இரண்டொரு நாளில் உள்ளே போயிருந்தால் சிறுநீர் சொல்லிவிடும். சிறுநீர் சொன்னதையும் திரை சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

2020-இல் வெளியான விடை: உண்மையாக விழுங்கியவர்களில் நூற்றுக்கு 70 பேரைத்தான் திரை 'விழுங்கினார்' என்றது. விழுங்காதவர்களில் நூற்றுக்கு 61 பேரைத்தான் 'விழுங்கவில்லை' என்றது.

எழுபது என்பது பாஸ் மார்க் மாதிரி தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் பகுதியில் 100 நோயாளிகள் என்று வையுங்கள். காசநோயாளிகளில் பெரும்பாலோர் ஒழுங்காக மருந்து எடுப்பவர்கள்தான் என்பதால், இன்று 90 பேர் விழுங்கினார்கள், 10 பேர் விழுங்கவில்லை என்று கொள்வோம்.

விழுங்கிய 90 பேரில் 63 பேருக்குத் திரையில் பச்சை. மற்ற 27 பேர் விழுங்கியும் சிவப்பு. போனில் சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை, வீட்டுக்கு ஒரே போன் அதுவும் மகன் கையில், அல்லது நான்கு பேர் முன்னால் அந்த எண்ணை அழைக்கக் கூச்சம். விழுங்காத 10 பேரில் 6 பேர் சிவப்பில் சரியாக மாட்டினார்கள். 4 பேர் மாத்திரையைத் தள்ளிவிட்டு எண்ணை அழைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் இருந்தார்கள்.

மொத்தச் சிவப்பு எவ்வளவு? 27-உம் 6-உம் சேர்ந்து 33. சுகாதாரப் பணியாளர் வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு 33 வீடு ஏறுகிறார். 27 வீட்டில் "போட்டுட்டேனேம்மா, போன்தான் போகல" என்று பதில் வரும். பத்தாவது வீட்டுக்குமேல் எந்த மனிதருக்கும் திரையில் நம்பிக்கை போய்விடும். தேட வேண்டிய பத்துப் பேரில் நான்கு பேரோ பச்சைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. அடுத்த மாதம் ஒரு விழிப்புணர்வு முகாம் நடத்தி, "மறக்காமல் போன் பண்ணுங்கள்" என்று சொல்கிறோம். அழைப்புகள் கூடுகின்றன. மாத்திரை விழுங்குவது அப்படியே இருக்கிறது. திரையில் 67 பச்சை 80 ஆகிறது. அறிக்கை எழுதுகிறோம், கைதட்டு வாங்குகிறோம். மேம்பட்டது அழைக்கும் பழக்கம் மட்டும்.

கருவியின் பக்கம் நின்றும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தொழிலாளிக்கு மிச்சமான பஸ் காசும் கூலியும் இந்த 70, 61 என்ற எண்களுக்குள் இல்லை. பணியாளருக்கு அது மோசமான கண்காணிப்புக் கருவி. நோயாளிக்கு அது நல்ல விடுதலையாகவும் இருந்திருக்கலாம். யாருக்கான தாக்கம் என்று கேட்காமல் தாக்கத்தை அளக்கவே முடியாது.

அனுப்பிய ஐந்நூறும் வாங்கிய முட்டையும்

காசநோயாளிக்குப் போனோடு பணமும் வருகிறது. 2018 ஏப்ரலிலிருந்து சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் மத்திய அரசு வங்கிக் கணக்கில் நேரடியாகப் போட்டது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். உடல்நலக் கருவியும் பணக் கருவியும் ஒரே ஆளிடம் சந்திக்கும் இடம் இது. திரையில் தெரிவது 'பணம் அனுப்பப்பட்டது'. அளக்க வேண்டியது எடை பார்க்கும் மெஷினில் இருக்கிறது. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வில், நோயாளியின் குடும்பத்துக்கு உணவுப் பொருளாகவே கொடுத்தார்கள். அந்த வீட்டாருக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. சாப்பாடு வயிற்றுக்குள் போனால் பலன் உண்டு என்பது நிரூபணம். கணக்குக்குள் போன காசு வயிற்றுக்குள் போனதா என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

சேமிப்புக் கருவிகளிலும் இதே வழுக்கல். பொலிவியா, பெரு, பிலிப்பைன்ஸ் நாட்டு வங்கி வாடிக்கையாளர்களிடம் டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன் முதலிய பொருளியலாளர்கள் நடத்திய குலுக்கல் ஆய்வில், மாதா மாதம் நினைவூட்டல் பெற்றவர்கள் மற்றவர்களைவிட 6 சதவீதம் கூடுதலாகச் சேமித்தார்கள். வங்கிக்கு இது லாபம், சந்தேகமில்லை. நம் ஊர்ப் பெண் ஒருவர் இதைக் கேட்டால் உடனே ஒன்று கேட்பார்: அந்த 6 சதவீதம் புதுக் காசா, அரிசிப் பானைச் சிறுவாட்டிலிருந்து எடுத்து வங்கியில் போட்டதா? வங்கியின் கணினிக்கு அரிசிப் பானை தெரியாது.

திரையே இல்லாத சேமிப்புக் கருவி ஒன்று இந்தக் கடற்கரையில் பல ஆண்டாக இருக்கிறது. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் மாதத் தவணைகளில் மொத்தம் 1,500 ரூபாய் கட்டுவார். அரசுகள் 3,000 போட்டு, தொழில் மந்தமான மாதங்களில் 4,500 ஆகத் திருப்பிக் கொடுக்கும். அதற்கு விளம்பரமும் இல்லை, பேசும் பெட்டியும் இல்லை.

டவர் வந்த வரிசை

எல்லாவற்றுக்கும் சீட்டுக் குலுக்க முடியாது. ஒரு திட்டத்தை ஒரு தெருவுக்குக் கொடுத்து அடுத்த தெருவுக்கு மறுத்தால் சும்மா விடுவார்களா? ஆனால் எந்தக் கருவியும் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. அந்தத் தாமதமே ஒரு வாய்ப்பு.

வடகேரளக் கடற்கரையில் செல்போன் டவர்கள் 1997-இல் தொடங்கிப் படிப்படியாக, முதலில் கோழிக்கோடு, பிறகு கண்ணூர், அதன்பின் காசர்கோடு என்று வந்தன. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் இந்த மூன்று பகுதிகளிலும் வாரா வாரம் மத்தி மீன் விலையைச் சேகரித்து வந்தார். போன் இல்லாத காலத்தில் ஒரு கரையில் மீன் விலை போகாமல் கொட்டப்படும். சில மைல் தள்ளி அடுத்த கரையில் வாங்க ஆளிருக்கும், மீன் இருக்காது. டவர் வந்த பகுதியில் மீனவர்கள் கடலிலிருந்தே விலை கேட்டுக் கரை மாறினார்கள். வீணாவது நின்றது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. டவர் வராத பகுதியில் அந்த மாதங்களில் இந்த மாற்றம் இல்லை. டவர் அங்கே போனதும் அங்கேயும் நடந்தது. பின்னால் வந்த ஊர், முன்னால் வந்த ஊருக்கு நிகழாநிலை ஆயிற்று.

மக்களைத் தேடி மருத்துவமும் சில வட்டாரங்களில் தொடங்கித்தான் மாநிலம் முழுக்கப் பரவியது. இப்படிப் படிப்படியாகப் போகும் எந்தத் திட்டத்திலும் எந்த வட்டாரம் முதலில், எது பிறகு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. யாருக்கும் எதுவும் மறுக்கப்படாது. காத்திருக்கும் காலம் அளக்கும் காலமாகும். அதிகாரிகள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு இன்றும் ஆதங்கம்.

அக்காவுக்கு என்ன பதில்?

இரண்டு வாரம் கழித்து அதே கடைக்குப் போனேன். பதில் கொண்டுபோகவில்லை, கேள்விகள் கொண்டுபோனேன்.

"அக்கா, அந்தப் பெட்டி யார் அக்கவுண்ட்?"

"பையனோடது. எனக்கு அந்தப் போன் வேலையெல்லாம் தெரியாது."

"ஐஸுக்கு எப்படிக் கொடுக்கறீங்க?"

"கைக்காசுதான். ஐஸு, ஆட்டோ, தண்டல், எல்லாம் கைக்காசு."

தண்டல் என்றால் 10,000 ரூபாய்க் கடனில் முன்பணம் பிடித்துக்கொண்டு, சமயத்தில் 9,000 மட்டும் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பது. வசூல்காரர் சாயங்காலம் கடைக்கே வந்துவிடுவார்.

விஷயம் விளங்கிவிட்டது. வியாபாரம் குறையவில்லை. வரவு மகன் கணக்குக்குப் போகிறது, செலவு அக்காவின் சுருக்குப் பையிலிருந்து போகிறது. முன்பு ரெண்டும் ஒரே பையில் இருந்தன. சிறுவாடு சேர்ந்ததும் அந்தப் பையிலிருந்துதான். கம்பெனியின் கணக்கில் அக்கா ஒரு வெற்றிக் கதை: தினமும் பல முறை பெட்டி பேசுகிறது. அக்காவின் கணக்கில் அந்தப் பெட்டி காசு மிஞ்சும் இடத்தை மாற்றிவிட்டது. மகன் நல்ல பிள்ளையாக இருக்கலாம், கேட்டால் கொடுக்கலாம். கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பதே ஒரு தாக்கம். அதை எந்தத் திரையும் எண்ணுவதில்லை.

அக்கா இப்போது தன் பெயரிலேயே ஒரு கணக்கைப் பெட்டியோடு இணைக்கப் போவதாகச் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மாதம், ராத்திரி படுக்கும்போது பையிலும் கணக்கிலும் எவ்வளவு மிஞ்சியது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். "மீன் பாடு ஒரு மாசம் மாதிரி ஒரு மாசம் இருக்காதே சார்," என்றார். நான் இத்தனை பக்கத்தில் சொன்ன நிகழாநிலையை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அதனால் நோட்டில் இன்னொரு பத்தி சேர்த்தோம்: பக்கத்துக் கடைக்காரம்மா தினமும் என்ன மிஞ்சியது என்று சொல்வதை.

நீங்களும் ஒன்று செய்து பார்க்கலாம். பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஞாயிறு இரவும் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் அந்த வாரம் வீட்டுச் செலவெல்லாம் போனில், பூ விழுந்தால் எல்லாம் கைக்காசில். வார முடிவில் மொத்தச் செலவை மட்டும் எழுதுங்கள். எந்த வாரம் எது என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள், நாணயம் தீர்மானிக்கட்டும். கல்யாணம், வளைகாப்பு வந்த வாரங்களையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். நடைக் கடிகாரத்தையும் இதே போலக் கட்டியும் கழற்றியும் பார்க்கலாம். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையோடு மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.